அதே சரிவின் மரம்

ரூலே, பர்கண்டி
14 ஜனவரி 1923

அன்புள்ள ரெமி அண்ணாவுக்கு,

தங்கை ஓதில் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் குளிருக்குப் பயந்து முனகுகிறது. உன் இருமல் விட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. நீ காட்டுக்குப் போன புதிதில் அனுப்பிய முதல் வண்டி மரம் முற்றத்தில் மூன்று மழைக்காலம் நனைந்து, துவர் எல்லாம் கழுவிக் காய்ந்துவிட்டது. இந்த வாரம் அப்பா அதைப் பட்டறைக்குள் எடுத்தார். முதல் பலகையை இழைத்ததும் சுருளை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"த்ரோன்சே. என் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். இது த்ரோன்சே காட்டு ஓக்."

பக்கத்து வீட்டு ரொட்டிக்காரரைக் கூப்பிட்டு அவர் மூக்கிலும் வைத்தார். அவர், "எனக்கு மர வாசனைதான் வருது" என்றார். "உனக்கு மாவு மூக்கு" என்றார் அப்பா.

பள்ளிப் பரிசுக்காக ஓக் மரத்தின் பிறப்பிடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அப்பா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். த்ரோன்சேயில் மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன, மண்ணும் ஏழை மண். வெயிலுக்காக மேலே மேலே போகுமே தவிர, இடுப்பு பெருக்காது. ஆண்டு வளையங்கள் தலைமுடி அகலம்தான். அப்படிப்பட்ட மரத்தில் ஒயின் மெல்ல மெல்ல மூச்சு விடும். லிமூசின் பகுதி மரம் தள்ளித் தள்ளி நின்று கொழுத்து வளர்ந்தது. வளையமும் அகலம், துவரும் அதிகம். "அது பிராந்திக்குச் சரி. ஒயினைப் பேச விடாது, தானே பேசும்" என்கிறார்.

இனி அப்பா சொல்லி நான் எழுதுவது: "நல்ல மரம். திராட்சைத் தோட்டக்காரர் பொன்செலே இந்த அறுவடைக்கு நம்மகிட்டதான் பீப்பாய் வாங்கப் போறார். அதே சரிவுல இருந்து இன்னும் அனுப்பு."

நீ இருக்கும் காடு எப்படி இருக்கும் என்று எழுது. என்ன பறவைகள், என்ன பூக்கள், எதையும் விடாதே. நெவேர் மரமண்டி வழியாகவே உனக்குக் கடிதம் வருவதால் தாமதமாகிறது என்று தெரியும். ஆனாலும் சீக்கிரம் எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரின் பின்னால் நடக்கும்,
ஓதில்

காட்டிலிருந்து
20 பிப்ரவரி

வாத்தியாரம்மாவுக்கு,

நான் நலம். இருமல் இருக்கிறது, ஆனால் எனக்கு அடங்கி நடக்கிறது. அம்மா அனுப்பிய தொத்திறைச்சியை மேஸ்திரி ஜாக்மார் மோப்பம் பிடித்துவிட்டார். பாதி போயிற்று.

அப்பா மரத்தைப் புகழ்ந்ததில் சந்தோஷம். இங்கே காலையில் மேஸ்திரி ஒரு நீண்ட கம்பியால் தரையைக் குத்திக்கொண்டே முன்னால் போவார். அவர் கால் வைத்த இடத்தில்தான் நாங்கள் கால் வைப்போம். காளான் தேடுகிறார் என்று வைத்துக்கொள். மரத்தை வெட்டி, துண்டு போட்டு, ஆப்பு வைத்து நார் போன போக்கில் பிளக்கிறோம். ரம்பத்துக்குப் பல் அடிக்கடி போகிறது. பறவைகள் பற்றிக் கேட்டாய். இன்னும் வரவில்லை.

ஒரு சின்ன விஷயம். அன்செல்ம் அண்ணன் போர்முனையிலிருந்து கடைசியாக விடுமுறையில் வந்துபோனபோது அம்மா அவனுக்குக் காலுறை பின்னிக் கொடுத்தாளே, அது என்ன நிறம்? சும்மா ஒரு பேச்சு வந்தது, எனக்கு நினைவில்லை. அம்மாவைக் கலங்க வைக்காமல் கேள்.

ரெமி

ரூலே
11 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா உனக்குத் தேனும் ஒரு கழுத்துத் துணியும் அனுப்புகிறாள். தேனை மேஸ்திரியிடமிருந்து ஒளித்துவை.

உன் காளான் விஷயத்தைக் கட்டுரையில் எழுதி, வகுப்பில் வாசித்தேன். ஆசிரியை சிரித்துவிட்டார். "ஓதில், பிப்ரவரியில எந்தக் காட்டுல காளான் முளைக்குது? உன் அண்ணன் உன்னைக் கிண்டல் பண்றார்" என்றார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நான் அந்த வரியை அடித்துவிட்டேன். நிஜமாகவே அவர் எதைத் தேடுகிறார்?

காலுறை பற்றி அம்மாவிடம் நேராகக் கேட்கவில்லை. கம்பளி சுற்றும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவள் கை நின்றுவிட்டது. "சாம்பல் நிறம்டி. குதிகால் போடறப்ப நூல் தீர்ந்துபோச்சு. உங்கப்பாவோட பழைய கம்பளிச் சட்டையைப் பிரிச்சு பழுப்பு நூல்ல போட்டேன். என்னம்மா இது, கழுதைக்குக் குளம்பு வச்ச மாதிரி இருக்குன்னு சிரிச்சான்" என்றாள். அண்ணா, அவனுக்குக் கல்லறை இல்லாததுதான் அவளை அரிக்கிறது. இறந்தவர்களை நினைக்கும் ஆன்மாக்கள் நாளில் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் யாருமே வராத ஒரு கிழவரின் சிலுவைக்கு அவள் மெழுகுவர்த்தி வைக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா?

நெவேர் வியாபாரியின் ஆள் ஒருவர் வந்தார். போர் நடந்த வடகிழக்குக் காடுகளில் ஓக் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். ஆர்கோன் என்ற பெயரை அவர் சொன்னதும் அப்பா மரம் செதுக்கும் வாய்ச்சியைக் கீழே வைத்தார். "என் மூத்தவன் உயிர் போன காடு அது. அங்க இருந்து ஒரு குச்சிகூட இந்த வாசலுக்குள்ள வரக் கூடாது" என்றார். அந்த ஆள் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னை ஒருமாதிரி பார்த்தார்.

உன் குறும்பைப் பொறுத்துக்கொண்ட,
ஓதில்

காட்டிலிருந்து
29 ஏப்ரல்

அன்புள்ள ஓதில்,

நலம். தேன் வந்தது. ஒளிக்க முடியவில்லை. உன் கடிதங்களை இரவுச் சாப்பாட்டின்போது ஆட்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். மாவு மூக்கு என்ற பட்டத்தை இங்கே ஒருவனுக்கு வைத்துவிட்டார்கள்.

கழுதைக் குளம்பு எனக்கும் இப்போது நினைவுக்கு வந்தது. நன்றி.

இன்னொரு வண்டி மரம் அனுப்பியிருக்கிறேன். அப்பா இந்த வருடம் வீட்டுக்கு வரச் சொன்னால், கோடையில் வேலை அதிகம் என்று சொல்லிவிடு.

ரெமி

ரூலே
27 மே

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உடம்பால் நலம்.

அப்பா பொன்செலேயின் பீப்பாய்களைப் பூட்ட ஆரம்பித்துவிட்டார். உள்ளே நெருப்பு மூட்டிப் பலகைகளை வளைக்கும்போது தெருவெல்லாம் சுட்ட ரொட்டி மணம். பிறகு ஒழுகுகிறதா என்று பார்க்க வெந்நீர் ஊற்றி உருட்டுவாரே, அந்த வேலை எனக்கு. வழக்கமாகத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வெளியே வரும். வியாழக்கிழமை ஒரு பீப்பாயிலிருந்து கருநீலமாக வந்தது. என் காலணியில் தெறித்த கறை இன்னும் போகவில்லை.

அப்பா பார்த்துவிட்டு, "கிணத்துத் தண்ணி" என்றார். அதே தண்ணீர்தான் மற்ற பீப்பாய்களிலும். "அப்ப இரும்பு வளையத்தோட துரு" என்றார். வளையம் வெளியே இருக்கிறது, தண்ணீர் உள்ளே இருக்கிறது என்று சொன்னேன். "பொண்ணு ரொம்பப் படிக்குது" என்று ரொட்டிக்காரரிடம் சொன்னார்.

சென்ற மாதம்தான் ஆசிரியை எங்களுக்கு மை செய்யக் கற்றுக்கொடுத்தார். ஓக் மரத்து மாசிக்காயை இடித்துக் கொதிக்க வைத்தால் பழுப்புச் சாறு. அதில் அன்னபேதியைப் போட்டதும் கண்முன்னே கறுத்துவிட்டது. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. ஓக்கின் துவரும் இரும்பும் சேர்ந்தால் மை. இந்தக் கடிதமும் அந்த மையில் எழுதியதுதான்.

அப்படியானால் அந்தப் பலகைக்குள் இரும்பு இருக்கிறது. த்ரோன்சே மரத்துக்குள் இரும்பு எப்படிப் போனது, அண்ணா?

பதிலை எதிர்பார்க்கும்,
ஓதில்

ரூலே
1 ஜூலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? அம்மாவிடம் கடிதம் வந்தது, நலம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய் சொன்னதற்குப் பாவமன்னிப்பு கேட்க வேண்டும்.

பள்ளியின் திசைகாட்டியை ஒருநாள் இரவலாக வாங்கி வந்தேன். முற்றத்தில் நீ அனுப்பிய அடுக்குகளின் மேல், ஒவ்வொரு பலகையாக, மெல்ல நகர்த்தினேன். பெரும்பாலும் முள் வடக்கைவிட்டு அசையவில்லை. சில பலகைகளின் மேல் மட்டும் தலையைத் திருப்பியது. ஒன்றை உளியால் கொத்திப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகம் அளவு இரும்பு. ஓரமெல்லாம் கிழிந்த மாதிரி. அது ஆணி இல்லை.

வகுப்பில் நிலப்படம் தொங்குகிறது. த்ரோன்சே நாட்டின் நடுவில் இருக்கிறது. அங்கே போர் வரவே இல்லை. ஆர்கோன் எங்கே என்று தெரிந்தும் ஒருமுறை பார்த்தேன். பறவைகள் இன்னும் வரவில்லை என்று நீ எழுதியதையும் எடுத்துப் பார்த்தேன். மேஸ்திரி என்ன தேடுகிறார் என்று இப்போது தெரியும். இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

கேட்பது ஒன்றுதான். வீட்டுக்கு வந்துவிடு.

ஓதில்

காட்டிலிருந்து
5 ஆகஸ்ட்

அன்புள்ள ஓதில்,

நலமாக இருக்கிறேன். அம்மாவிடம் நீ சொன்னது பொய்யில்லை.

உன் முள் சரியாகத்தான் சொல்கிறது. அந்த மரம் எந்தக் காடு என்பது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நானே வந்து அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். ஆண்டு வளையம் த்ரோன்சே போலவே நெருக்கமாகத்தான் இருந்தது. கண்டுபிடிப்பார், திட்டுவார், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று முதல் வண்டியை அனுப்பினேன். அவர் புகழ்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

கறுத்த தண்ணீர் வந்த பீப்பாய்களில் ஒயின் ஊற்ற விடாதே. எப்படிச் செய்வாயோ உன் சாமர்த்தியம். எனக்கு இங்கே ஒரு பெரிய மரத்தடியில் கொஞ்சம் வேலை பாக்கி. முடியும் நிலையில் இருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன்.

ரெமி

ரூலே
16 செப்டம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா? நாங்கள் இருக்கிறோம்.

பொன்செலே பீப்பாய்களைப் பார்க்க வந்தார். பீப்பாயின் வயிற்றைத் தட்டினார், மூடியை முகர்ந்தார், திருப்திதான். அப்பா முகம் மலர்ந்திருந்தது. நான் வெந்நீர்க் குடத்தோடு போய், "ஐயா முன்னாலயே ஒருதரம் ஊத்திக் காட்டலாம்பா" என்றேன். அப்பாவுக்கு அது பெருமையாக இருந்தது. "ஊத்து" என்றார். எந்தப் பீப்பாய் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் கறுப்பாக வந்து பொன்செலேயின் காலடியில் தேங்கியது. அவர் விரலை நனைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நான் ஒயின் வைக்கத்தான் பீப்பாய் கேட்டேன். உங்க பொண்ணுக்கு மை வைக்க இல்ல."

"காட்டுல எவனோ மரத்துல ஆணி அடிச்சிருக்கான், ஐயா. மரம் த்ரோன்சே. அதுல சந்தேகமே வேண்டாம்."

"மரம் எந்த ஊர்ல பிறந்தா எனக்கென்ன, என் ஒயின் செத்துப்போகுமே" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

நான்தான் இதைச் செய்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை. அன்று இரவு வெங்காய சூப்பைத் தொடவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டுக் காகிதம் எடுக்கச் சொன்னார்.

அப்பா சொல்லி எழுதுவது: "ரெமி, ஒரு மரத்துல ஆணி இருந்திருக்கு. உன் தப்பு இல்ல. அந்தச் சரிவு மரம் மாதிரி நான் இன்னும் தொட்டதில்ல. அதே சரிவுல ஆணி இல்லாததா ஒரு நல்ல மரம் பார்த்துப் பிளந்து அனுப்பு. பொன்செலேகிட்ட நான் நிரூபிச்சுக் காட்டணும்."

இதை எழுத என் கை வரவில்லை. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் எழுதினேன். அவர் நகர்ந்த பிறகு இதைச் சேர்க்கிறேன்: எந்த மரமும் வேண்டாம். நீ மட்டும் வா.

ஓதில்

காட்டிலிருந்து
14 அக்டோபர்

என் வாத்தியாரம்மாவுக்கு,

நலம். இருமல்கூடப் போய்விட்டது.

மரத்தடி வேலை முடிந்தது. ஆன்மாக்கள் நாளுக்கு முன் வீட்டில் இருப்பேன். அம்மாவிடம் சொல், இந்த வருடம் அந்தக் கிழவருக்கு வைக்கும் மெழுகுவர்த்தியோடு இன்னொன்றும் வாங்கி வைக்கட்டும். ஏன் என்று அவள் கேட்டால், ரெமி வந்து சொல்வான் என்று சொல்.

அப்பாவுக்கும் ஒன்று சொல். அவர் கேட்ட மரத்தைப் பார்த்துவிட்டேன். அதே சரிவு. உயரமாக, ஒரு காயமும் இல்லாமல் நிற்கிறது. நான் உண்மையைச் சொல்லும்போது அவர் கையில் ஒரு நல்ல பலகையாவது இருக்கட்டும்.

உன் பரிசு என்ன ஆயிற்று? நீ எழுதவே இல்லை.

ரெமி

ரூலே
11 நவம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? எங்கே இருக்கிறாய்?

அம்மா இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினாள். ஆன்மாக்கள் நாளன்று மாலைவரை நிலையத்தில் நின்றோம். ஒவ்வொரு ரயிலிலும் யார் யாரோ இறங்கினார்கள். ஒன்றைக் கிழவருக்கு ஏற்றினாள். மற்றது அடுப்பு மேடையில் இருக்கிறது. அப்பா, "மரம் பெருசா இருக்கும், பிளக்க நாளாகும்" என்கிறார்.

பரிசு எனக்குக் கிடைத்தது. த்ரோன்சே பற்றி எழுதிய பகுதி மிக நன்றாக இருக்கிறதாம். அதனால்தான் உனக்கு எழுதவில்லை.

ஒரு வரி போதும், எழுது.

ஓதில்

ஆர்கோன் காடு
18 நவம்பர்

அன்புள்ள குழந்தை ஓதிலுக்கு,

மேஸ்திரி ஜாக்மார் எழுதுவது. உன் தேனைத் தின்ற ஆள். நீ எழுதிய எல்லாவற்றையும் உன் அண்ணன் படித்துக் காட்டியதால் உன்னைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். உன் தந்தைக்கு ஊர் மன்றத்திலிருந்து தாள் வரும். தாள் ஒன்றும் சொல்லாது என்பதால் நானும் எழுதுகிறேன்.

ரெமி மூன்று வருடமாக வேலை முடிந்த பிறகு தனியாகப் போய்த் தோண்டுவார். எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. இங்கே பலர் அப்படி வருகிறார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு பெரிய ஓக்கின் வேரடியில் ஒருவரைக் கண்டெடுத்தார். யார் என்று எங்களிடம் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துப் பாடிக்கொண்டு வேலை செய்தார். ஊருக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டார். "அதே சரிவுல ஒரு மரம் அப்பா கேட்டிருக்கார், அதைப் பிளந்துட்டுக் கிளம்பறேன்" என்றார். தரையை நான் குத்திப் பார்த்தேன். மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பட்டை மூடி வளர்ந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மரம் வெடிக்காத ஒரு குண்டை விழுங்கி வைத்திருந்தது. ஆப்பு அதன்மேல் இறங்கிவிட்டது. அவருக்கு வலி தெரிந்திருக்காது.

கிராமக் கல்லறையில் அவரையும், அவர் கண்டெடுத்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அவர் பெட்டியில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் கம்பளித் துண்டு ஒன்று. காலுறையாக இருந்திருக்கும். சாம்பல் நிறம், குதிகால் மட்டும் பழுப்பு. இதோடு அனுப்புகிறேன். உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அந்த மரத்தில் அன்று காலை பிளந்த பலகைகள் கொஞ்சம் நல்ல நிலையில் கிடக்கின்றன. அவற்றில் ரெமி உன் தந்தையின் பெயரை எழுதி வைத்திருந்தார். என்ன செய்யட்டும்?

உன் தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்.

ஜாக்மார்

ரூலே
9 டிசம்பர்

மதிப்புக்குரிய மேஸ்திரி ஜாக்மார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கம்பளித் துண்டை அம்மா வாங்கி மடியில் விரித்துக் குதிகாலைத் தடவிப் பார்த்தாள். "என் நூல்தான்" என்றாள். பிறகு அடுப்பு மேடையில் இருந்த மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அது தீர்ந்ததும் இன்னொன்று வாங்கி வரச் சொன்னாள்.

ஊர் மன்றத்துத் தாளை நான்தான் அப்பாவுக்குப் படித்தேன். ஆர்கோன் என்ற சொல் வந்ததும் எழுந்து முற்றத்துக்குப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. ரெமி அண்ணா அனுப்பிய அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவிப் பட்டறைக்குக் கொண்டுவந்து, ஒரு சுருள் இழைத்து, மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நான் வாசற்படியில் நின்றேன். மறுபடி இழைத்தார். மறுபடி முகர்ந்தார். தரையெல்லாம் சுருளாக ஆகும்வரை, பலகை பலகையாக இல்லாமல் போகும்வரை செய்தார்.

"இப்பவும் த்ரோன்சேன்னுதான்டி மூக்கு சொல்லுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பட்டறையைத் திறக்கவில்லை.

நேற்றுக் காகிதம் எடுக்கச் சொன்னார். அப்பா சொல்லி எழுதுவது: "என் பையன் பிளந்த பலகையை அனுப்பி வைங்க. நான் அதை ஒருதரம் மோந்து பார்க்கணும்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், ஏனென்றால் அவர் பக்கத்தில் நின்றார். இப்போது படுத்திருக்கிறார். ஐயா, அனுப்பாதீர்கள். அங்கேயே எரித்துக் குளிர் காயுங்கள். அப்பா கேட்டால், மேஸ்திரியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். இப்படிப் பொய் சொல்ல எனக்குப் பழக்கம் உண்டு.

ரெமி அண்ணாவுக்குப் பக்கத்தில் இருப்பவரின் பெயர் அன்செல்ம். சிலுவையில் எழுதச் சொல்லுங்கள்.

தேன் அனுப்பியிருக்கிறேன். தரையை மட்டுமல்ல, மரத்தையும் தட்டிப் பார்த்த பிறகே ஆட்களைப் பக்கத்தில் விடுங்கள்.

ஓதில்